கம்பளி கொடுத்து மாவு வாங்கிய கடை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நவஹோ பழங்குடி மக்கள் வாழும் வறண்ட மேட்டு நிலத்தில் கனாடோ என்ற ஊர் இருக்கிறது. ஆடு வளர்ப்புதான் இங்குள்ள மக்களின் பழைய பிழைப்பு. ஊரின் ஓடைக்கரையில் உள்ளூர்க் கல்லால் கட்டிய நீளமான கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுதான் ஹபெல் கடை.

1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டி, நெடுந்தூரம் நடக்க வைத்துக் கொண்டுபோய் அடைத்தது. 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்கள் திரும்பி வந்தபோது பழைய மந்தைகளும் தோட்டங்களும் அழிந்திருந்தன. அரசு கொடுத்த ஆடுகளை வைத்துப் புதிதாகத் தொடங்கினார்கள். முகாமில் பழகிய கோதுமை மாவு, காப்பி, சர்க்கரை எல்லாம் இப்போது கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. 1878-ல் ஜான் லோரென்சோ ஹபெல் இங்கே கடையை விலைக்கு வாங்கினார்.

கடைக்குள் நுழைந்தால் முதலில் வருவது 'புல்பென்' என்று அழைக்கப்படும் வியாபாரக் கூடம். மூன்று பக்கமும் உயரமான, அகலமான மரப் பலகை மேடை. நடுவில் குளிர் காய அடுப்பு. பக்கத்தில் கம்பள அறை, சரக்கு அறை. வசந்த காலத்தில் கம்பளி, இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டி என்று வருமானம் ஆண்டுக்கு இரண்டு முறைதான். இடைப்பட்ட மாதங்களில் கடன்தான். ஈடாக வெள்ளி நகைகளையும் நீலப் பச்சைக்கல் நகைகளையும் அடகு வைத்தார்கள்.

கம்பளியை அப்படியே விற்பதைவிடக் கம்பளமாக நெய்து விற்றால் கூடுதல் விலை கிடைத்தது. நல்ல நூல், நல்ல சாயம், நெருக்கமான நெசவு வேண்டும் என்பதில் ஹபெல் கண்டிப்பாக இருந்தார். பிடித்த வடிவங்களைச் சிறு ஓவியங்களாக வரையச் சொல்லிச் சுவரில் மாட்டிவைத்தார். நெசவு செய்யும் பெண்கள் அவற்றைப் பார்த்து நெய்தார்கள். சிவப்பு நிறம் தூக்கலான 'கனாடோ' கம்பளம் அப்படித்தான் பெயர் பெற்றது.

ஆனால் கம்பளிக்கு விலை சொல்பவரும், மாவுக்கு விலை சொல்பவரும், கடன் கணக்கு எழுதுபவரும் கடைக்காரர் ஒருவரே. அடுத்த கடை வெகு தூரத்தில். நேர்மையானவர் வாய்த்தால் குடும்பம் பிழைத்தது. இல்லாவிட்டால் கடன் தீரவே தீராது. நவஹோ பகுதிக் கடைகளின் கடன், அடகு முறை பற்றி நிறைய புகார்கள் எழுந்ததால், 1972-ல் மத்திய வணிக ஆணையம் நேரில் விசாரணை நடத்தி அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டது. சாலையும் வண்டியும் வந்து, மக்கள் நகரக் கடைகளுக்குப் போகத் தொடங்கியதும் பழைய கடைகள் பலவும் மூடப்பட்டன.

ஹபெல் 1930-ல் காலமானார். அவருக்குப் பின் குடும்பத்தார் கடையை நடத்தினார்கள். 1967-ல் அது தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. துறை அதை வெறும் காட்சிப் பொருளாக்காமல் கடையாகவே தொடர்கிறது. நடந்தால் முனகும் பழைய மரத் தரையில் நின்று, இன்றும் மளிகைப் பொருளும் கம்பளமும் வாங்கலாம்.

இடுபொருள் தருபவர், கடன் தருபவர், விளைச்சலை வாங்குபவர் மூவரும் ஒருவராகவே இருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. அங்குள்ள குடும்பங்கள் வாங்கிய பொருள், கொடுத்த எடை, பிடித்த தொகை ஆகியவற்றைத் தேதி போட்டுத் தங்கள் நோட்டிலும் எழுதிவைப்பது நல்லது. கணக்கு கடைக்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது.