வீட்டை மழையில் பாருங்கள்

விருதுநகர் மாவட்டம் ஆலங்குளம் வட்டாரம் மானாவாரிக் கரிசல் பூமி. மழை கைகொடுத்தால் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து. மழை தவறினால் பட்டாசு வேலையும் தீப்பெட்டி வேலையும்தான் கஞ்சி ஊற்றும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு அந்த வேலையையும் முழுதாக நம்ப முடியவில்லை. அதனால் இளவட்டங்கள் தூத்துக்குடிக்குப் போகிறார்கள். துறைமுகம், கிட்டங்கி, லாரி செட் என்று ஏதாவது ஒரு வேலை கிடைத்துவிடுகிறது.

தனி ஆளாக இருக்கும்வரை அறை எங்கே இருந்தாலும் சரிதான். பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்துப்போகும்போதுதான் எந்தப் பகுதியில் குடியிருப்பது என்ற கேள்வி வருகிறது. சம்பளத்தைப் பத்து முறை விசாரிக்கிறவர்கள், குடியிருக்கப்போகும் தெருவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறார்கள்.

ஆலங்குளம் பக்கத்துக் குடும்பம் ஒன்றும் அப்படித்தான் முடிவு செய்ய இருந்தது. மகன் இரண்டு வருடமாகத் தூத்துக்குடியில் ஒரு கிட்டங்கியில் வேலை பார்க்கிறார். தரகர் ஒருவர் மூன்று சென்ட் மனையைக் காட்டினார். ஊரில் இருக்கும் ஒன்றரை ஏக்கரை விற்றால் மனைக்குச் சரியாக இருக்கும் என்று கணக்கு. “வாடகையா கொடுக்கிற காசு வீடு கட்டின கடனுக்குப் போகும்ல, மாமா” என்றார் மருமகள். நிலம் மாமனார் பெயரில் இருந்தது. “சரித்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அந்த இடத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருதேன்” என்று அவர் கிளம்பினார்.

மனையில் கல் நட்டு வர்ணம் பூசியிருந்தது. அவர் கல்லைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். மேலே ஒரு முழத்துக்குச் செம்மண் அடித்திருந்தது. அடுத்த மனையில் கோரை மண்டிக் கிடந்தது. அதற்கும் அப்பால் தரை வெடித்து, வெடிப்பின் ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

“ஏலே, இது குளத்து உள்வாயா?”

“இல்லப்பா, நகர்னு போட்டிருக்கு.”

“பேருதான் நகரு. தண்ணி நிக்காத இடத்துல கோரை எதுக்கு முளைக்கி?”

தெருமுனை டீக்கடைக்காரரிடம் விசாரித்தார்கள். “அண்ணாச்சி, 2023 மார்கழி பிறந்தப்ப இங்க இடுப்பளவு தண்ணி. வடிய ஒரு வாரம் ஆச்சு” என்று சுவரில் இருந்த கறையைக் காட்டினார் அவர்.

அவர் சொன்னது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. முத்தம்மாள் காலனி, பிரையண்ட் நகர் போன்ற பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது.

கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, தண்ணீர் ஓடிவிடாதா என்று தோன்றலாம். தூத்துக்குடி தட்டையான தரை. மேற்கே கயத்தாறு பக்கத்துக் கரிசல் காட்டில் விழும் மழை ஓடைகளில் சேர்ந்து கோரம்பள்ளம் குளத்துக்கு வந்து, அதன்பிறகே கடலுக்குப் போகிறது. வருகிற வழியில் வீடு கட்டினால் வீட்டுக்குள்தான் வரும்.

சென்னையிலும் இதே கதைதான். இன்றைய தியாகராய நகர் 1920-களில் மாம்பலம் பெரிய ஏரியைத் தூர்த்த இடத்தில் எழுந்தது. வேளச்சேரிப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிச் சுருங்கி வீடுகளாயிற்று. 2015 டிசம்பரில் அந்தப் பகுதி முழுகியதை நாடே பார்த்தது. ஏரி, குளம், ஓடை, பள்ளம், தாங்கல் என்று ஊர்ப்பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஆலங்குளத்துக்காரருக்குக் குளம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடத்தைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் போகவேண்டும். தெருவைவிட வீட்டு வாசல் தாழ்ந்திருக்கிறதா, பழைய சுவர்களில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்கவேண்டும். கடலோரத்தில் பல இடங்களில் அது உப்பாக இருக்கும், குடிக்க மாநகராட்சிக் குழாயைத்தான் நம்பவேண்டும். அந்தக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதைத் தரகரிடம் கேட்கக்கூடாது, குடம் வைத்திருக்கும் பெண்களிடம் கேட்கவேண்டும். ஜன்னல் கம்பி துருவைப் பார்த்தால் உப்புக்காற்றின் வேகம் தெரியும். இருட்டிய பிறகும் ஒருமுறை போய், தெருவிளக்கு எரிகிறதா, வேலை முடிந்து பெண்கள் தனியாக நடந்து வருகிறார்களா என்று பார்ப்பது நல்லது.

விலைக்கு வாங்குவதானால் காகிதத்தையும் பார்க்கவேண்டும். சர்வே எண்ணை வைத்து ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்தால், அது நஞ்சையா, புஞ்சையா, நீர்நிலைப் புறம்போக்கா, பக்கத்தில் ஓடை போகிறதா என்பது தெரிந்துவிடும். வில்லங்கச் சான்றும் மனைப்பிரிவு அனுமதியும் இல்லாமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

அந்தக் குடும்பம் மனையை விட்டுவிட்டது. அதில் மருமகளுக்கு வருத்தம்தான். “அப்ப பிள்ளைக படிப்பு?” என்று கேட்டார். பிறகு அவரே போய் நான்கு தெருக்களில் விசாரித்து, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில், 2023-ல் தண்ணீர் ஏறாத ஒரு தெருவில் வாடகை வீடு பிடித்தார். நினைத்திருந்ததைவிட வாடகை கொஞ்சம் கூடுதல். ஊர்க்காரர்கள் அதிகம் இருக்கும் தெரு வேறு பக்கம் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு அவர்கள் ஓடிவருவார்கள் என்பது உண்மை. ஆனால், அந்தத் தெருவிலேயே தண்ணீர் நின்றால் அவர்களும் மாடியில்தான் இருப்பார்கள்.

வாடகைக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. பேசும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

ஒன்றரை ஏக்கர் இன்னும் மாமனார் பெயரிலேயே இருக்கிறது. இந்த வருடம் அதில் உளுந்து போட்டிருக்கிறார்கள். வாடகை வீட்டில் ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்துவிட்டு, அதன்பிறகும் அந்தத் தெரு பிடித்திருந்தால் அங்கேயே மனை தேடுவது என்று முடிவு. வாடகை வீடு சரியில்லையென்றால் மூன்று மாதத்தில் மாற்றிக்கொள்ளலாம். விற்ற நிலத்தைத் திரும்ப வாங்குவது அத்தனை சுலபமில்லை.