வாசலுக்கு வரும் பாய்மரப் படகு

சாலாக் செலாத்தானுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு பக்கம் இரயில் பாதை, இன்னொரு பக்கம் நெடுஞ்சாலை, நடுவே அவசரகாலத்தில் உண்டான புதுக்கிராமம், ஈயம் தோண்டிய வட்டாரத்தில் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகள். ஆனால் அங்கே இரயிலேறி, பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கே.எல். சென்ட்ரலில் வண்டி மாறிப் பாருங்கள். சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் எல்லாம் தாண்டி அந்தத் தண்டவாளம் முடிகிற இடம் போர்ட் கிள்ளான். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் படகுத்துறை.

நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் இந்த மண்ணில் முதல் அடி வைத்த இடமும் அதுதான். 1901இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. ராஜூலா கப்பலில் வந்த கதையைச் சொல்லாத பாட்டி எந்த லயத்தில் இருந்தார்? அவ்வளவு பெரிய கடலைக் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சனில் ஒருநாள் உல்லாசப் பயணம், முழங்கால் அளவு தண்ணீர், பிறகு புளிச்சோறு! என் பள்ளிப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இந்த நிலையில் என் அக்காள் கணவர் படகு வாங்கப் போகிறேன் என்றார். அத்தான் இரயில்வேயில் உழைத்து ஓய்வு பெற்று, சாலாக் செலாத்தானிலேயே தங்கிவிட்டவர். சேமநிதிப் பணம் கையில் இருக்கிறது. யாரோ ஒருவர் 28,000 வெள்ளிக்கு 22 அடிப் பாய்மரப் படகு ஒன்றை, டிரெய்லர் வண்டியோடு சேர்த்து விற்கிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. “பேரப்பிள்ளைகளோடு கரையோரமாகவே போர்ட்டிக்சன், லுமுட், பங்கோர் என்று போகலாம், வாத்தியாரே!” என்றார். அக்காள் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் உடன் போகவேண்டும் என்பது விளங்கிவிட்டது.

பாய்மரப் படகு பணக்காரருக்கும் வெள்ளைக்காரருக்கும் உரியது என்று ஒதுக்கிவிடவேண்டாம். போர்ட் கிள்ளானில் அரச சிலாங்கூர் பாய்மரப் படகுச் சங்கம் இருக்கிறது. அதன் ஏற்பாட்டில் 1990இல் தொடங்கிய ராஜா மூடா பந்தயத்தில் படகுகள் அங்கிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி வரை போகின்றன. நம் நாட்டு அஸ்ஹார் மன்சூர் 1999இல் தனியாளாக உலகைச் சுற்றி முடித்தார். இந்தியக் கடற்படையின் 56 அடித் தாரிணி 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிக்கொண்டு 2025 மே மாதத்தில் திரும்பியது. அதில் இருந்தவர்கள் இரண்டே பெண்கள். ஒருவர் கேரளத்துத் தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இதைச் சொன்னபோது அக்காள், “அவர்கள் கடற்படையில் பழகியவர்கள், இவர் தண்டவாளத்தில் பழகியவர்” என்றார். மறுப்பதற்கில்லை.

டிரெய்லரில் ஏற்றும் படகின் நயம் என்னவென்றால், அதற்குத் துறைமுகத்தில் மாத வாடகை கட்டி இடம் பிடிக்கவேண்டியதில்லை. வீட்டருகே நிறுத்தலாம், சாலை வழியே இழுத்துப் போகலாம். அமெரிக்காவில் 1969இல் வெளிவந்த கட்டலினா 22 என்ற படகை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய ஒரு டன். அதன் அடியில் ஓர் இரும்புத் தகடு உண்டு. இறக்கிவிட்டால் படகு ஒன்றரை மீட்டர் ஆழம் கேட்கும், மேலே மடக்கிவிட்டால் அறுபது சென்டிமீட்டர் போதும். காற்று படகைச் சாய்க்கும்போது நிமிர்த்துவதும், பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பதும் அந்தத் தகடுதான். சேற்றுக் கரை நிறைந்த சிலாங்கூர்க் கடலுக்கு இப்படி மடங்கும் தகடு மிகவும் ஏற்றது. ஆனால் டிரெய்லர், மோட்டார், சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன் ஆகிவிடும். அத்தானிடம் இருப்பதோ மைவி கார்!

படகைப் பார்க்கப் போன இடத்தில் அத்தான் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. திருப்புளியின் கைப்பிடியால் படகின் உடம்பைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். இரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிக் கீறலைக் கண்டுபிடித்த காது அல்லவா! கண்ணாடி இழை நன்றாக இருந்தால் ‘டக் டக்’ என்று தெளிவாகக் கேட்கும். உள்ளே நீர் இறங்கி ஊறிய இடம் ‘தொப்’ என்று மந்தமாக ஒலிக்கும். பாய்மரம் நிற்கும் இடத்தைச் சுற்றி இரண்டு முழத்துக்கு ‘தொப், தொப்’ என்றே கேட்டது. விற்பவர் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பஞ்சால் துடைத்துப் பார்க்கவேண்டும். அறுந்த இழை இருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். அந்தக் கம்பிகள் படகோடு பிணைந்திருக்கும் இடத்தில் துருக்கறை வடிந்திருந்தால், உள்ளே நீர் போகிறது என்று பொருள். தகட்டைத் தூக்கும் கம்பிவடத்தையும் அது சுழலும் அச்சாணியையும் படகின் அடியில் குனிந்து பார்த்தே ஆகவேண்டும். மோட்டாரை விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார். குளிர்ந்த மோட்டாரை நம் கண் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள், குளிர்விக்கும் நீர் பின்னால் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். டிரெய்லரின் சக்கரங்கள் உப்பு நீரில் முங்கி எழுபவை. அதன் பால்பேரிங் துருப்பிடித்தால் நெடுஞ்சாலை நடுவில் சக்கரம் சிக்கிக்கொள்ளும். டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் இருக்கும், முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நாங்கள் பார்த்த டயருக்குப் பத்து வயது. கடல் இலாகாவின் உரிமத் தாளைக் கேட்டோம். வீட்டில் தேடித் தருகிறேன் என்றார். உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுக்கவேண்டாம் என்று அத்தானின் காதில் சொன்னேன்.

இன்னொன்று, யாரும் எடுத்துச் சொல்லாதது. பாய்மரம் அலுமினியத்தால் ஆனது, ஏழெட்டு மீட்டர் உயரம். அதை நிமிர்த்துமுன் தலைக்கு மேலே மின்சாரக் கம்பி போகிறதா என்று பார்க்கவேண்டும். சாலாக் செலாத்தான் சந்துகளில் போகாத இடம் எது?

கடலைப் பற்றியும் சொல்கிறேன். போர்ட் கிள்ளானில் நாளைக்கு இருமுறை நீர் ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் நான்கு மீட்டருக்கும் மேல். அந்த நீரோட்டத்தை எதிர்த்துச் சிறு படகு போவது பெரும்பாடு. அட்டமி, நவமியை ஒட்டியோ வித்தியாசம் குறைந்து நீர் சாதுவாக இருக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் திதிகள்தாம் சிறு படகுக்கு ஏற்றவை! காற்றோ பல நாள் சோம்பிக் கிடக்கும், மோட்டார்தான் தள்ளவேண்டும். தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து விடியற்காலையில் பாய்ந்து வரும் புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் காட்டும். கூடவே கொட்டும் மழையில் எதிரே வரும் கொள்கலக் கப்பல் தெரியாது.

அந்தப் படகை அத்தான் வாங்கவில்லை. ஆனால் ஆசையை விட்டுவிடவுமில்லை. அடுத்த ஞாயிறு எங்கள் இரு குடும்பங்களும் இரயிலில் போர்ட் கிள்ளான் போய், பூலாவ் கெத்தாம் படகில் ஏறினோம். இருபுறமும் சதுப்புக் காடு, வேர்களில் சேறு, பிறகு திடீரென்று தண்ணீருக்கு மேல் கால் நட்டு நிற்கும் சீன மீனவர் வீடுகள். பலகைப் பாதையில் சைக்கிள்கள் ஓடுகின்றன. திரும்பும்போது நீர் வற்றி, காலையில் மிதந்த படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. அத்தான் அவற்றின் அடிப்பாகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்காள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பேரப்பிள்ளைகள் மூவரும் 50 மீட்டர் நீந்திக் காட்டவேண்டும், அத்தானும்தான். அதன்பிறகு சேமநிதியைப் பற்றிப் பேசலாமாம். சனிக்கிழமை காலைகளில் நால்வரும் பொது நீச்சல் குளத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகளில் மூத்தவள் பாதிக் குளம் தாண்டிவிட்டாள். அத்தான் இன்னும் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் காலடிக்கிறார்.