இரண்டு ஓடுதளங்களுக்கு ஒரே வானம்

கோவையில் இறங்கப்போகும் விமானங்கள் அவிநாசிப் பக்கம் தாழ்ந்து வருவதைத் திருப்பூர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். பனியன் சாம்பிளோடு வெளிநாடு போய்த் திரும்பும் நம்மூர் ஆட்கள் அதில் நிச்சயம் இருப்பார்கள். அதே வானத்தில்தான் சூலூரிலிருந்து தேஜஸ் போர்விமானமும் கிளம்புகிறது. பீளமேட்டு ஓடுதளத்துக்கும் சூலூர் விமானப்படைத் தளத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 13 கிலோமீட்டர்தான். வேகம் குறைத்து இறங்கும் பயணிகள் விமானமே மூன்று நிமிடத்தில் கடந்துவிடும் தூரம் அது.

இவை மோதாமல் பார்த்துக்கொள்ளும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளைச் சந்திக்கப் போனேன். அந்த வேலையில் கண்ணைவிடக் காதுக்குத்தான் பாடு அதிகம். 7,000 அடிக்கு இறங்கச் சொன்னால், விமானி அந்த எண்ணை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதை ரீட்பேக் என்கிறார்கள். ‘ஆறு’ என்று காதில் விழுந்தால் அந்தக் கணமே திருத்தியாக வேண்டும். மேலும் கீழும் 1,000 அடி இடைவெளி. அது இல்லாதபோது, ரேடார் பார்வையில் பக்கவாட்டில் 3 அல்லது 5 கடல் மைல். கணக்கு இவ்வளவுதான். ஷிஃப்ட் முழுக்க அலுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் தொழில்.

“எங்கப்பா கட்டிங் மாஸ்டருங்க. அளவைச் சொன்னா திருப்பிச் சொல்ல வெப்பாரு. எனக்கு அப்பவே பழகிப்போச்சு” என்றார் ஒரு பெண் அதிகாரி.

சொன்னது போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவுதி போயிங் 747-ம் கஜகஸ்தானின் இல்யூஷின்-76-ம் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கஜக விமானத்துக்குக் கொடுத்த உயரம் 15,000 அடி, சவுதி விமானத்துக்கு 14,000. எதிரே விமானம் வருவதைக் கஜக விமானத்துக்கு டெல்லி சொன்னது, பதிலும் வந்தது. ஆனால் பதில் சொன்னவர் ரேடியோ ஆபரேட்டர். விமானம் ஓட்டியவர்கள் வேறு. கஜக விமானம் 14,000-க்கு இறங்கிவிட்டது. அன்றைய டெல்லி ரேடார் உயரம் காட்டாது. வானத்தின் பெரும்பகுதி விமானப்படைக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் வரவும் போகவும் ஒரே பாதை. அதற்குப் பிறகுதான் பாதைகள் பிரிந்தன. மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் ‘டீகாஸ்’ கருவியும் இங்கே கட்டாயமானது.

சூலூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு அது வெறும் டெல்லிக் கதை இல்லை. 2024 ஆகஸ்டில் ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சிக்கு ஜெர்மனி, பிரான்ஸ் போர்விமானங்களெல்லாம் சூலூருக்கு வந்தன. அப்படிப்பட்ட நாட்களில் இரண்டு தளங்களின் கட்டுப்பாட்டுக் கோபுரங்களும் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாக வேண்டும்.

டீகாஸ் பேச ஆரம்பித்தால் மட்டும் மனிதக் குரல் ஒதுங்கிவிட வேண்டும். 2002-ல் ஜெர்மனியின் உபர்லிங்கன் அருகே கருவி ஏறச் சொன்னது, கட்டுப்பாட்டு அதிகாரி இறங்கச் சொன்னார். ரஷ்ய விமானி அதிகாரி பேச்சைக் கேட்டார். இரு விமானங்கள் மோதி, இரண்டிலும் சேர்த்து 71 பேர் இறந்தார்கள். “அது ஏறுன்னா ஏறட்டுங்க, நாங்க வாயை மூடிக்கணும்” என்றார் கட்டிங் மாஸ்டர் மகளான அந்தப் பெண் அதிகாரி.

கோபுரத்துக்கும் பதில் சொல்லாது, டீகாஸ் கண்ணிலும் படாது என்றால் அது பறவையும் கல்யாண வீட்டு ட்ரோனும்தான். பறவையிடம் பேச முடியாது. ட்ரோன் விடுபவரிடம் பேசலாம்: விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எந்த உயரத்தில் பறக்கவும், 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேலே பறக்கவும் அனுமதி வேண்டும். கிளப்புவதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.