பிழை கண்ணில் இல்லை

பெருநாள் காசு சேர்த்து என் மகள் வாங்கிய தொலைகாட்டியின் பெட்டியில் '175 மடங்கு' என்றிருந்தது. கூட வந்த 4 மில்லிமீற்றர் பார்வைத்துண்டில் சனிக் கோள் மங்கிய திட்டாகத்தான் தெரிந்தது.

"என்ட கண்ணுலயா வாப்பா பிழை?" என்று அழுதாள்.

பிழை அந்தப் பார்வைத்துண்டில். தொலைகாட்டியின் குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். எங்களது 700ஐ நான்கால் வகுத்தால் 175. ஆனால் 60 மில்லிமீற்றர் அகல வில்லை ஏறக்குறைய 120 மடங்குக்கு மேல் தாங்காது, மங்கல்தான் பெருகும்.

ஆகவே பெருக்கத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். 25, 10 மில்லிமீற்றர் 'பிளோசல்' வகை இரண்டு போதும். 28 மடங்கில் வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும்; 70இல் சனியின் வளையம். வாங்குமுன் குழாயின் வாய் 1.25 அங்குலமா என்று அளந்துகொள்ளுங்கள்.

நாங்கள் பத்தை மட்டும் வாங்கினோம். வளையத்தைக் கண்டவள் சொன்னாள்: "என்ட கண் நல்லாத்தான் இரிக்கி வாப்பா!"