சாரலுக்கு முன் கூரை ஏறுகிறவர்கள்

வைகாசி முடிவதற்குள் தென்காசிப் பக்கம் மேலகரம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்து ஓட்டு வீடுகளில் ஏணி சாத்தியிருப்பதைப் பார்க்கலாம். ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கிவிட்டால் கூரையில் கால் வைக்க முடியாது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சாரல் பருவம். ஓட்டு வீட்டுக்காரருக்கோ ராத்தூக்கம் போகும் பருவம்.

இலஞ்சியில் நான் உடன் போன ஓட்டு வேலைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். ஏறியதும் மேற்கு இறவாரத்தில் குந்திக்கொண்டு ஓரத்து ஓடுகளை அடியிலிருந்து விரலால் நெம்பிப் பார்த்தார்.

“காத்து மேல இருந்து அமுக்காது அண்ணாச்சி, தூக்கும். மொதல்ல போறது ஓரமும் முகடும்தான்.”

பொறியியல் சொல்வதும் இதையேதான். சரிவின் மேல் விரையும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து ஓட்டை மேல்நோக்கி உறிஞ்சும். விளிம்பிலும் முகட்டிலும் அந்த இழுப்பு அதிகம். சீமை ஓடு ரீப்பரில் தொற்றிக்கொண்டு தன் எடையால் மட்டுமே உட்கார்ந்திருக்கிறது. அதன் அடியில் கம்பி கோத்துக் கட்டவே ஒரு துளை உண்டு. அந்த வீட்டில் ஒரு துளையிலும் கம்பி இல்லை.

ரீப்பரைத் தட்டிச் சத்தத்திலேயே கரையானைக் கண்டுபிடித்தார். முகட்டு ஓட்டுச் சாந்தில் மயிரிழை வெடிப்பைக் காட்டினார். அந்த ஓடு கழன்றால் அடுத்த வரிசையும் பின்னாலேயே போகுமாம். கைமரம் சுவரில் சும்மா கிடக்கிறதா, இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். சீசன் கடைகளின் தகரக் கூரையைப் பற்றிக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. “மூணு பக்கம் தொறந்து போட்டுட்டு மேல மணல் மூட்டைய வச்சா நிக்குமா? ஜே போல்ட்ட ஒழுங்கா கெட்டணும்.”

1992இல் ஆண்ட்ரூ சூறாவளி ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்ட பின் இதே சோதனைக்கு அங்கே வளர்ந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஆய்வாளர் வீட்டுக்கு வந்து கூரைப் பலகையின் ஆணி இடைவெளி, கூரையும் சுவரும் சேரும் பட்டை, கூரையின் வடிவம், ஜன்னல் காப்பு எல்லாவற்றையும் படிவத்தில் குறிப்பார். ஐந்தாண்டு செல்லும் அந்தப் படிவத்தைக் காட்டினால் காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி. சட்டமே அப்படிச் சொல்கிறது. இலஞ்சிக்காரர் பார்த்ததும் ஏறக்குறைய அதே பட்டியல்தான். படிவம் மட்டும் இல்லை.

நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுவான வீட்டுப் பாலிசி இருக்கிறது. புயல் சேதமும் அதில் அடங்கும். ஆனால் ஓட்டைக் கம்பியால் கட்டியவருக்குச் சலுகை என்று அதில் ஒரு வரி கிடையாது. சர்வேயர் வருவது கூரை போன பிறகுதான். காற்று வேகத்துக்கான ஐஎஸ் 875 தர நூல் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டரும், மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் 39 மீட்டரும் வகுத்திருக்கிறது. அந்த எண்களைப் பார்த்தால் இந்தப் பக்கம் ஆபத்து குறைவு என்று தோன்றும். ஆனால் புயல் ஒரு நாளில் அடித்து ஓய்ந்துவிடும். கணவாய்க் காற்றோ மாதக்கணக்கில் தினமும் ஆட்டி ஆட்டிச் சாந்தையும் கம்பியையும் தளர்த்துகிறது. இந்தத் தேய்மானத்தைக் கணக்கில் எடுக்காத காப்பீடு தென்காசிக்குப் பாதிதான் உதவும் என்பது என் கருத்து.

ஓட்டு வீட்டில் இருப்பவர்கள் வரும் வைகாசியில் மேற்கு இறவாரத்தில் இரண்டு வரிசை ஓட்டையாவது கம்பியால் கட்டச் சொல்லுங்கள். கட்டும்போதே தேதியோடு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். பாலிசியில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும், புதுப்பிக்கும்போது அதைக் காட்டித் தள்ளுபடி கேளுங்கள். கூரை ஏறுகிறவரின் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள்.