பாய் போன பிறகு

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், காயவைத்த வத்தலை எடுக்கலாம் என்று மொட்டை மாடிக்குப் போனேன். அங்கே என் பேரனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் மூன்று பேரும் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரசியலோ கிரிக்கெட்டோ என்று நினைத்தேன். இல்லை. ஒரு மெட்டல் குழுவில் ஒருவர் இறந்துபோனால் மற்றவர்கள் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு தொடரலாமா, இல்லை குழுவைக் கலைத்துவிட வேண்டுமா என்பதுதான் வழக்கு.

"தாத்தா, நீங்களே சொல்லுங்க. நீங்களும் குழுவுல வாசிச்சவருதானே?" என்றான் பேரன்.

"யோசிச்சுச் சொல்றேன்டா" என்று வத்தலை வாரிக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முப்பது வருஷம் ஓட்டியவன் நான் என்பது அவனுக்குத் தெரியாது.

மெட்டல் என்றால் என்ன என்று நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மின்சார கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ், மேலே ஒருவர் தொண்டை கிழியக் கத்துவார். முதலில் எனக்கு அது லாரியிலிருந்து தகரம் இறக்கும் சத்தமாகத்தான் இருந்தது. நாலு நாள் காது கொடுத்துக் கேட்டபோது, தாளக்காரனான எனக்கு டிரம்ஸ் மட்டும் பிடிபட்டது. நம் ஊர்த் திருவிழாவில் தவிலும் பம்பையும் உச்சத்துக்குப் போகும்போது வயிற்றுக்குள் ஒரு அதிர்வு வருமே, அதேதான். சங்கதி ஒன்று, வாத்தியம் வேறு.

பேரன் சொன்ன வழக்கு மெட்டாலிகா என்ற அமெரிக்கக் குழுவைப் பற்றியது. 2011-இல் பெங்களூருக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள். அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் கச்சேரி முடித்துவிட்டுப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். எந்தப் படுக்கை யாருக்கு என்று சீட்டு எடுத்தார்களாம். பர்ட்டனுக்கு இஸ்பேட் ஏஸ் வந்தது. கிட்டார்காரர் கர்க் ஹேமட் படுத்திருந்த இடத்தை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். 27-ஆம் தேதி விடியற்காலை பேருந்து கவிழ்ந்தது. அந்த ஜன்னல் பக்கம் படுத்திருந்த பர்ட்டன் போய்விட்டார். வயது 24.

மற்ற மூன்று பேரும் கலைந்துவிடவில்லை. பர்ட்டனின் குடும்பத்தார் சம்மதத்தோடு வேறு ஆள் தேடினார்கள். ஜேசன் நியூஸ்டெட் என்பவர் வந்தார். ஆறே வாரத்தில் மேடை ஏறிவிட்டார்கள். இதைத்தான் பேரனின் நண்பன் ஒருவன், "சாம்பல் ஆறுறதுக்குள்ள ஆள் மாத்திட்டாங்க" என்றான்.

எனக்கு அதைவிட உறுத்தியது அடுத்து நடந்தது. 1988-இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டில் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டார் காதிலேயே விழாது. பேரன் ஹெட்ஃபோனை என் காதில் மாட்டிக் காட்டினான். உண்மைதான். ஆளைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் அவர் வாசித்ததைப் பதிவில் அமுக்கிவிட்டார்கள். செத்தவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உட்கார்ந்தவனைக் கண்டுகொள்ளாமல் இருப்பது என்ன நியாயம்? அவர் அப்படியும் 14 வருஷம் அங்கே இருந்து, 2001-இல் விலகினார். பர்ட்டனின் அப்பாவோ 2020-இல் தம் 94 வயதில் இறக்கும்வரை அந்தக் குழுவோடு உறவாகவே இருந்தார். மகனின் பாட்டுகளுக்கு வந்த பங்குப் பணத்தை மகன் படித்த பள்ளியில் இசை படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்று படித்தபோது, இந்தக் கதையில் சரியாக நடந்துகொண்டவர் அந்தப் பெரியவர்தான் என்று தோன்றியது.

கலைத்துவிட்டவர்களும் உண்டு. லெட் செப்பெலின் என்று ஒரு ஆங்கிலக் குழு. டிரம்ஸ் வாசித்த ஜான் பானம் 1980 செப்டம்பரில் குடியால் இறந்தார். டிசம்பரில், இனி நாங்கள் இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். 2007-இல் லண்டனில் ஒரே ஒரு முழுக் கச்சேரி செய்தபோது டிரம்ஸுக்கு உட்கார்ந்தவர் பானமின் மகன். அதே 1980 பிப்ரவரியில் ஏசி/டிசி என்ற குழுவின் பாடகர் பான் ஸ்காட்டும் குடித்துவிட்டுத்தான் செத்தார். அவர்கள் ஐந்தே மாதத்தில் புதுப் பாடகரை வைத்து இசைத்தட்டு கொண்டுவந்தார்கள். துக்கத்துக்காக அட்டை முழுக்கக் கறுப்பு, முதல் பாட்டு சாவு மணியோடு ஆரம்பம். உலகத்தில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளில் அதுவும் ஒன்றானது. (ஏசி/டிசியை மெட்டல் என்று சொன்னால் பேரன் சண்டைக்கு வருவான். அது வேறு ராக்காம்.)

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தள்ளிவிட முடியாது. நமக்குத் தெரிந்த சங்கர்-ஜெய்கிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெய்கிஷன் 1971-இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 1987-இல் தாம் சாகும்வரை சங்கர் தனியாக இசையமைத்த படங்களிலும் பெயர் சங்கர்-ஜெய்கிஷன் என்றே வந்தது. இல்லாத ஆளின் பெயரைப் பதினாறு வருஷம் தூக்கிச் சுமந்தார். நம் விஸ்வநாதன்-ராமமூர்த்தி உயிரோடு பிரிந்தார்கள், பெயரும் அன்றோடு பிரிந்தது.

எனக்கு மனதில் நின்றது டெல்லிக்காரர்களின் இந்தியன் ஓஷன். மெட்டல் இல்லை, ராக் என்பார்கள். ஆனால் அதில் ஒருவர் தபலா வாசித்துக்கொண்டே பாடுவார், அசீம் சக்கரவர்த்தி என்று பெயர். தபலா வாசித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டையும் சேர்த்துச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. கை ஒரு கணக்கில் போகும், மூச்சு வேறு கணக்கில் போகும். 2000-இல் வந்த அவர்களுடைய 'கந்தீஸா' இசைத்தட்டின் தலைப்புப் பாட்டு, கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் பாடும் அரமேய மொழிப் பிரார்த்தனை. பாஷை ஒரு எழுத்து புரியாமல் நான் அதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அசீம் 2009 டிசம்பர் 25 அன்று மாரடைப்பால் இறந்தார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. அசீம் இருக்கும்போதே பதிவான பாட்டுகளை, தாங்கள் ஒத்திகை பார்த்த பழைய வீட்டின் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் தலைப்பாக வைத்து, 2010-இல் மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள். மேடைக்கு இரண்டு பேரைச் சேர்த்தார்கள். தபலாவுக்கு துஹீன் சக்கரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. ஒரு ஆள் போன இடத்தை நிரப்ப இரண்டு ஆள் வேண்டியிருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்களே, அதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன மரியாதை செய்துவிட முடியும்?

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளில் நம் கோட்டக்குப்பத்தில் ஒரு இன்னிசைக் குழு இருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். பாடியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை எழுதவில்லை, அவர் வீட்டார் இங்கேதான் இருக்கிறார்கள். குழுவுக்கே அவர் பெயர்தான். நாகூர் ஹனிபா பாட்டை எடுத்தால் மைக் இல்லாமலே தந்திராயன்குப்பம் வரை கேட்கும். அதே தொண்டையில் மாரியம்மன் பாட்டும் பாடுவார். கந்தூரி, கல்யாணம், ஆடித் திருவிழா, ஐயப்ப பூஜை, கட்சி மேடை எல்லாவற்றுக்கும் போவோம். மொத்தம் ஆறு பேர். நான் தபலா. மற்ற நாளில் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. டோலக் வாசித்தவர் மரக்காணத்து உப்பளத்தில் கூலிவேலை செய்தவர். என்னைவிட மூத்தவர், நான் அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். குழுவுக்குள்ளேயும் சார்தான்.

1993 ஐப்பசியில் பாய் இறந்துபோனார். ராத்திரி நெஞ்சு வலி என்றார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது.

நாற்பதாம் நாள் கழிந்த பிறகு ஐந்து பேரும் கடற்கரை மணலில் உட்கார்ந்து பேசினோம். தை வரைக்கும் மூன்று கச்சேரிக்கு முன்பணம் வாங்கியிருந்தோம். டோலக் அண்ணன்தான் மெதுவாக ஆரம்பித்தார். "கூனிமேட்டுல ஒரு பையன் நல்லா பாடுறான் சார். ஒப்புக்கிட்ட மூணையாச்சும் முடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் இன்னா பண்றதுன்னு பாப்பமே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய் இடத்துல இன்னொருத்தன் நின்னா எனக்குத் தபலாவுல கை வைக்க வராது" என்றேன்.

பொய் இல்லை. பாய் சரணத்தில் எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்தச் சொல்லை இழுப்பார் என்று என் விரலுக்குத் தெரியும். அவர் இழுக்கும் இடத்தில் நான் கூட ரெண்டு அடி போட்டு நிரப்புவேன், அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். இன்னொருவனுக்கு அப்படி வாசிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் அரசாங்க உத்தியோகம், படித்தவன். என் பேச்சுக்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. குழுவைக் கலைத்தோம். முன்பணத்தை ஆளுக்குப் பங்கு போட்டுத் திருப்பிக் கொடுத்தோம். பாய்க்கு நான் பெரிய மரியாதை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரொம்ப வருஷம் அப்படியே பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

2011 கடைசியில் தானே புயல் அடித்ததே, அதற்குப் பிறகு மரக்காணம் பக்கம் போனபோது அண்ணன் வீட்டைத் தேடிப் பிடித்தேன். கூரை பறந்துபோய்த் தார்ப்பாய் போட்டிருந்தார்கள். அவர் வெளியே போயிருந்தார். அவருடைய சம்சாரம் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல், ஊர்க்கதை மாதிரிதான் சொன்னார். மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது, தை கழிந்து பாத்தி சீர் பண்ணும்வரை கச்சேரிக் காசுதான் அடுப்பு எரித்தது. அந்த வருஷம் அது இல்லை. முன்பணத்தில் தன் பங்கைக் கொடுக்க வட்டிக்கு வாங்கினார். வட்டியைக் கட்ட டோலக்கை விற்றார்.

என் பங்கை நான் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். அவர் எதிலிருந்து கொடுத்தார் என்று கேட்கவே தோன்றவில்லை.

இன்னொன்றும் நாங்கள் கேட்கவில்லை. பாயின் மனைவி அப்போது இத்தாவில் இருந்தார், நாங்கள் போய்ப் பார்க்க முடியாது என்பது வாஸ்தவம். அவருடைய தம்பி மூலமாகவாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பல வருஷம் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, "நீங்கள்லாம் விடாம நடத்துவீங்கன்னு நெனச்சேன் தம்பி. அவங்க பேர்ல பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கும்னு நெனச்சேன்" என்றார். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பர்ட்டன் வீட்டாரை அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று பேரன் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது அதனால்தான்.

ராத்திரி சாப்பிடும்போது பேரனிடம் என் தீர்ப்பைச் சொன்னேன். தொடரலாம்டா, ஆனால் புதுசா வர்றவன் வாசிக்கிறது காதில் விழணும். நிறுத்துறதா இருந்தா, நிறுத்தினா யார் வீட்டில் உலை ஏறாதுன்னு முதல்ல கேட்டுக்கிட்டு நிறுத்தணும். லெட் செப்பெலின்காரர்களுக்கு அந்தக் கவலை இருந்திருக்காது. எங்களில் ஒருவருக்கு இருந்தது. பிறகு மேலே எழுதிய கதையையும் சொன்னேன். அவன் ஹெட்ஃபோனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கடைசிவரை கேட்டான்.

மறுநாள் காலை, "வாங்க தாத்தா, மரக்காணம் போய்ட்டு வரலாம்" என்று பைக்கை எடுத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முக்கால் மணி நேரம். அண்ணன் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டார். நான் அந்தப் பழைய பேச்சை எடுத்தேன். தப்பு செய்துவிட்டேன் அண்ணே என்றேன். அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினார். பிறகு பேரன் பக்கம் திரும்பி, "பையன் இன்னா சார் வாசிக்கிறான்?" என்று கேட்டார்.

"டிரம்ஸ் கத்துக்கிறான் அண்ணே."

"கையிலயா, குச்சியிலயா?"

"குச்சியில."

"அப்ப வெரல் வெடிக்காது" என்றார்.