வராதவர்களின் கையெழுத்து

கூட்டத்துக்கே வராத பெண்களிடம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, வழக்கமாகவே.

சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் ஊர்தோறும் பேரிடர் மேலாண்மைக் குழு அமைத்த காலம். ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளன் நான். குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்பது விதி. இருட்டிய பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் ஆண்கள்தான் வருவார்கள் என்று தெரியும். அதனால்தான் அந்த நேரத்தை வைத்தேன். பேச்சு சீக்கிரம் முடியும். மறுநாள் காலை மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அக்காமாரைப் பிடித்து நோட்டை நீட்டுவேன். "எதுக்குத் தம்பி இது?" என்று கேட்டுக்கொண்டே, செதில் ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துவிட்டுப் போட்டுத் தருவார்கள். அறிக்கையில் 'பெண்கள் பங்கேற்பு 50 சதவீதம்' என்று எழுதினேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு அலை கடந்துபோனதே தெரியவில்லை. கரையில் மீனுக்காகக் காத்து நின்ற பெண்களையும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களையும்தான் அது அள்ளிப்போனது. சேலை காலைச் சுற்றிக்கொண்டது. நீச்சல் பழக்கிவிட யாரும் இருந்ததில்லை. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146 என்று ஆக்ஸ்ஃபாம் 2005இல் வெளியிட்டது. இந்த எண்களை நானே பயிற்சி வகுப்பில் பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன், எதிரே உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு.

குழுக்கள் அமைப்பதற்கு முன் இழப்புப் பட்டியல் எடுத்ததும் இதே லட்சணத்தில்தான். கட்டுமரம், வள்ளம், எஞ்சின், வலை என்று கட்டம் போட்டேன். அன்னக்கூடையும் தராசும் வட்டிக்கு வாங்கிய முதலும் போன மீன் விற்கும் பெண்ணை எழுத அதில் கட்டமே இல்லை. நிவாரணத்தைப் பஞ்சாயத்தார் தலைக்கட்டுக் கணக்கில் பிரித்தார்கள். புருஷன் இல்லாத வீடுகளுக்குப் பங்கு குறைந்தபோது, ஊர் வழக்கத்தில் நாம் தலையிடக்கூடாது என்று ஒதுங்கிக்கொண்டேன். ரேஷன் அட்டையில் பெயரில்லாத ஒரு திருநங்கை வந்து கேட்டார். அட்டை இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது என்றேன். செய்யமுடியும். மேலே ஒரு கடிதம் எழுதவேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. முதல்நாளே மைக் கட்டிச் சொல்லியாகிவிட்டது. எங்கள் குழு இருந்த ஓர் ஊரில், ஓர் அம்மா வயதுவந்த மகளோடு ஓலைவீட்டை விட்டு வரவில்லை. கூரை பிய்த்துக்கொண்டு போனபிறகு, பக்கத்து மாடிவீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து சேர்த்துக்கொண்டார்கள். ஏன் புயல் மையத்துக்குப் போகவில்லை என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

"அங்க கக்கூஸுக்குத் தாழ்ப்பாளே கிடையாது தம்பி. ஆம்பளைங்க நிக்கிற இடத்துல இவளை எப்படி விடுவேன்? உங்கிட்ட அப்பவே சொன்னேனே."

சொல்லியிருந்தார். பல வருஷங்களுக்கு முன், ஏலம் நடக்கும் இடத்தில், கையெழுத்துப் போட்டுக்கொண்டே. தீர்மானப் புத்தகத்தில் அது ஏறவில்லை. கூட்டத்தில் பேசினால்தானே ஏறும்!

தாழ்ப்பாளை அந்த வாரமே போட்டுக் கொடுத்தோம். பதிவேடுகளைப் பற்றி மேலிடத்தில் இன்றுவரை நான் வாய்திறக்கவில்லை. அந்த 50 சதவீதத்தைக் காட்டித்தான் எனக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி கிடைத்தது.